நைன் ஒன் சிக்ஸ் துக்கம்

பூவம்மாளின் கை மெஷின் மேல் இருந்தது. மெஷின் 'பீப்' என்றது. சின்னத் திரையில் எழுத்து வந்தது.

"நோ சாம்பிள்னு காட்டுது சார்," என்றாள் நதியா.

டாக்டர் உமாபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒரு கணம் யோசித்தார். முகம் மலர்ந்தது.

"சாம்பிள்னா என்ன? மாதிரி. நோ சாம்பிள்னா, மாதிரி இல்ல. அதாவது, நோய் இருக்கற மாதிரி இல்ல! ஜெர்மன்காரன் எவ்ளோ பணிவா சொல்றான் பாத்தியா?"

அதைக் கேட்டதும் பூவம்மாள் இருமினாள். சும்மா இருமல் இல்லை. அலமாரியில் அடுக்கியிருந்த மருந்துக் குப்பிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிணுகிணுக்கிற இருமல்.

"நோயே இல்லன்னா, இப்ப இருமனது யாரு டாக்டரு? பக்கத்து வூட்டுக்காரியா?"

பூவம்மாள் திருப்புட்குழியிலிருந்து பஸ் பிடித்து வந்தவள். கண்டக்டர் முதற்கொண்டு அவளுக்கு நோய் இருக்கிறதென்று ஒப்புக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் உட்காரச் சொல்லிவிட்டுத் தான் தள்ளி நின்றிருந்தார். ஒப்புக்கொள்ளாதது இந்தப் பெட்டி ஒன்றுதான்.

நோயைக் கண்டுபிடித்து மருந்து சொல்லும் என்று டாக்டர் ஆர்டர் செய்திருந்த ஜெர்மன் பெட்டி அன்று காலைதான் கூரியரில் வந்திருந்தது. அரிசி குக்கர் அளவு இருக்கும். மேலே நாலணா அகலத்துக்கு ஒரு கண்ணாடிச் சன்னல், பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சின்னத் திரை. எப்படி ஓட்டுவது என்று ஒரு துண்டுத் தாளும் உள்ளே இல்லை. டாக்டர் விற்றவனுக்குப் போன் போட்டார். "கண்ணாடி மேல வைங்க சார், பட்டனை அமுக்குங்க, மீதிய மெஷினே பாத்துக்கும்," என்று அவன் சொன்னான். எதை வைக்கவேண்டும் என்று டாக்டர் கேட்பதற்குள் லைன் போய்விட்டது. டாக்டர் மோதிரம் போட்ட தன் கையை வைத்தார். ஏ.யூ. என்று வந்தது.

"ஆரம் மெட்டாலிகம்!" என்று அவர் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுத் தறியே ஒரு நொடி நின்றது. "தலைமைப் பொறுப்பு உள்ளவங்களுக்கான மருந்து. என்ன பாத்த உடனே கண்டுபிடிச்சிடுச்சு!"

முகஸ்துதி பண்ணுகிற மெஷினை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

அதற்கு முன்னால் உமாபதி டாக்டர் நோயாளியை உட்காரவைத்து மணிக்கணக்காகக் கேள்வி கேட்பார். கனவில் தண்ணீர் வருமா, உப்பு பிடிக்குமா, அழும்போது யாராவது தேற்றினால் எரிச்சல் வருமா. கட்டிய பெண்டாட்டி கேட்காத கேள்விகள். பிள்ளையார்பாளையத்தில் பாதிப் பேர் அந்தக் கேள்விகளுக்காகவே நோய் வாங்கிக்கொண்டு வந்தார்கள். இனிமேல் கேள்வி கிடையாது. வாசலில் 'கம்ப்யூட்டர் ஹோமியோ' என்று புதுப் பலகை மாட்டியாகிவிட்டது.

"கையில மண்ணு இருக்குது. அதான் படிக்கல. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வரச் சொல்லு," என்றார் டாக்டர்.

"மண்ணு இல்ல டாக்டரு, கையே அப்பிடித்தான். நாத்து நட்ட கை," என்றாள் பூவம்மாள்.

நதியாவுக்குச் சுருக்கென்றது. அவள் அம்மாவுக்கும் இதே கை. இந்தக் கையைப் பார்த்துக் கழுவிக்கொண்டு வா என்று சொல்லாத இடம் இந்த ஊரில் குறைவு. ஆனால் நதியா வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியாத ஒரு காரணம் இருந்தது.

நதியா பி.எஸ்ஸி வேதியியல். வீட்டில் முதல் பட்டம். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு நாளாக அவள் செய்தது, சர்க்கரை உருண்டைகளைக் குப்பியில் போட்டு, மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்கியது. ஒரகடத்தில் ஒரு மருந்து கம்பெனி லேபில் ஆள் எடுக்கிறார்கள். திங்கட்கிழமை இன்டர்வியூ. வெறும் பட்டத்தோடு வராதே, அனுபவச் சான்றிதழோடு வா என்று சொல்லியிருந்தார்கள். அதில் கையெழுத்துப் போடவேண்டிய கை உமாபதி டாக்டருடையது.

"சர்ட்டிபிகேட்தானே?" என்று காலையில் அவர் சொல்லியிருந்தார். "சனிக்கிழமை கவுன்சிலர் ராமலிங்கம் வர்றாரு. இந்த மெஷினு அவருக்கு மருந்து சொல்லணும். அவர் மனசு குளிர்ந்து, வார்டு முகாமுக்கெல்லாம் நம்மள கூப்பிடணும். நீ மெஷின ஒழுங்கா ஓட்டு, அங்கயே கையெழுத்துப் போட்றேன். ஓட்டலன்னா, பி.எஸ்ஸிய பிரேம் போட்டு வூட்ல மாட்டிக்கோ."

ஆகவே நதியா பூவம்மாளின் கையைக் கழுவினாள். நோ சாம்பிள். துண்டால் துடைத்தாள். நோ சாம்பிள். உள்ளங்கைக்குப் பதில் மணிக்கட்டை வைத்தாள். இருமலில் கை துள்ளி பச்சைப் பொத்தான் மேலேயே விழுந்தது. நோ சாம்பிள்.

"நான் வேணா புடிச்சிக்கட்டுமா சார்?"

கேட்டவள் சிம்ரன். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவள். தும்மலுக்கு மருந்து வாங்க வந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து பூவம்மாளின் மணிக்கட்டைப் பலமாக அழுத்திப் பிடித்தாள். கடைக்கு அழகாக வரவேண்டும் என்பதற்காக அவள் அடுக்கியிருந்த கவரிங் வளையல்கள் மொத்தமும் ஜலஜலவென்று கண்ணாடிச் சன்னல் மேல் சரிந்தன.

பீப்.

"சி.யூ.!" என்றாள் நதியா.

"குப்ரம்!" என்றார் டாக்டர். "குப்ரம் மெட்டாலிகம்! இழுத்து இழுத்து வர்ற இருமலுக்குன்னே ஏற்பட்டது!"

"சி.யூ.ன்னா செம்பு சார்."

"அதேதான். செம்புதான் குப்ரம். வெள்ளிதான் அர்ஜென்டம். தங்கம்தான் ஆரம். ஹோமியோபதியில உலோகமே மருந்தும்மா. பி.எஸ்ஸி படிச்சிட்டு பாதிய தெரிஞ்சி வெச்சிக்கினு இருக்க."

பூவம்மாள் குப்ரம் வாங்கிக்கொண்டு, படிக்கட்டில் இருமிக்கொண்டே இறங்கினாள்.

டாக்டர் மெஷினை வாத்சல்யத்தோடு தடவிக்கொடுத்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஒத்த ஆளுக்குக் கரண்ட்டு பத்தல, நதியா. கூட ஒரு ஆள் எர்த்து புடிக்கணும். இந்தப் பொண்ணு நல்ல எர்த்து."

"நான் எர்த்தா சார்?" என்று சிம்ரன் வெட்கப்பட்டாள். அதுவரை யாரும் அவளை அப்படிச் சொன்னதில்லை.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சிம்ரன் எர்த்து பிடிக்க வந்தாள். கூலி, தும்மலுக்கு இலவச மருந்து. வந்தவர் போனவர் எல்லோருக்கும் குப்ரம் வந்தது. பல்வலிக்குக் குப்ரம். முடி கொட்டுவதற்குக் குப்ரம். நீட் பயத்துக்குக் குப்ரம். மாமியார் தொல்லைக்கு மருந்து கேட்டு வந்த மருமகளுக்கும், அவள் பின்னாலேயே மருமகள் தொல்லைக்கு மருந்து கேட்டு வந்த மாமியாருக்கும் ஒரே குப்ரம்.

"சார், குப்ரம் தீந்துபோச்சு," என்றாள் நதியா.

"ஊரே செம்பு நோயில கெடந்திருக்குது. இவ்ளோ நாளா நான் கனவுல என்ன வருதுன்னு கேட்டுக்கினு இருந்திருக்கறேன்," என்று டாக்டர் தன் இளமையை நினைத்து வருந்தினார்.

அன்றைக்குத்தான் தேவசகாயம் வந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். இடுப்பு வலி. கூட வந்த அவர் மனைவி கிரேஸ், எதிர்க்கடையில் தண்ணீர்ப் பாட்டில் வாங்கப் போயிருந்தாள். தாமலில் அன்று மாலை சொந்தக்காரக் கல்யாணம். அங்கே போகிற வழியில் இடுப்பைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று ஏற்பாடு. தேவசகாயம் சாதுவாகக் கையை நீட்டினார். சிம்ரன் அதை இரண்டு கையாலும் பற்றினாள். நன்றாக அழுத்தவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கொஞ்சம் சாய்ந்தும் நின்றாள்.

கிரேஸ் உள்ளே வந்தாள். தண்ணீர்ப் பாட்டில் கீழே விழுந்தது.

"கர்த்தாவே! இது ஆஸ்பத்திரியா, இன்னாது இது?"

"ஒண்ணுமில்லம்மா, எர்த்து குடுக்குது அந்தப் பொண்ணு," என்றார் டாக்டர்.

"எர்த்து குடுக்க தாலி கட்டினவ நான் இருக்கறேன். ஏய், நகரு!"

சிம்ரன் நகர்ந்தாள். கிரேஸ் கணவனின் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் தேவசகாயத்துக்கு இடுப்பு வலி மறந்துபோனது. கல்யாணத்துக்காக பீரோவிலிருந்து எடுத்துப் போட்டிருந்த அவளுடைய தங்க வளையல்கள் கண்ணாடி மேல் நங்கென்று இடித்தன.

பீப்.

"ஏ.யூ. தொண்ணூத்தொண்ணு புள்ளி ஆறு," என்று நதியா படித்தாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு தேவசகாயத்தின் அருகே உட்கார்ந்தார். குரல் தழைந்தது.

"தேவசகாயம், மனச விட்டு சொல்லுங்க. உங்களுக்குள்ள ஒரு பெரிய துக்கம் இருக்குது."

"எனக்கா? இடுப்புதாங்க வலிக்குது."

"இடுப்பு வெளிய தெரியறது. உள்ள இருக்கறது ஆரம். காதல்ல தோத்துப்போய், வாழ்க்கையே வேணாம்னு இருக்கறவங்களுக்கு வர்ற மருந்து அது. நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு புள்ளி ஆறு துக்கம். மெஷின் பொய் சொல்லாது."

கிரேஸ் கையை விடவில்லை. விடாமலே திரும்பினாள்.

"யாரு அவ?"

"எவ?"

"கொயர்ல பாட்ற லில்லியா?"

"அடியே, லில்லிக்கு அறுபது வயசுடி!"

"அவ வயச நீ எதுக்குக் கணக்கு வெச்சிருக்க?"

தேவசகாயம் டாக்டரைப் பரிதாபமாகப் பார்த்தார். டாக்டர், "பாத்தியா, கண்ணு கலங்குது, மருந்து பொருந்துது," என்று நதியாவிடம் சொன்னார். கிரேஸ் கைப்பையால் ஓங்கி அடித்தாள். தேவசகாயம் குனிந்துகொண்டதால் அந்த அடி டாக்டரின் புதுப் பலகைக்கான பில் மாட்டியிருந்த கம்பியில் பட்டு, கம்பி அலமாரியில் பட்டு, அலமாரியிலிருந்து மூன்று குப்பி ஆர்னிகா உருண்டு விழுந்தது. அடிபட்டால் கொடுக்கிற மருந்து அதுதான். புருஷனும் பெண்டாட்டியும் கல்யாணத்துக்குப் போகாமல், வந்த ஆட்டோவிலேயே ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனார்கள். ஓட்டவேண்டியவரும் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டதால் கிளம்பக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

நதியா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தொண்ணூற்றொன்று புள்ளி ஆறு. நைன் ஒன் சிக்ஸ். நகைக்கடை விளம்பரத்தில் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள்!

"சார், அது துக்கம் இல்ல சார். நைன் ஒன் சிக்ஸ். அந்தக்கா வளையலு."

"என்ன?"

"இது ஆளப் படிக்கல சார், நகையப் படிக்குது. சிம்ரனோட கவரிங்கு செம்பு. அதான் ஊருக்கே குப்ரம். பூவம்மாக்கா கையில கண்ணாடி வளையல்தான், அதனால அவங்களுக்கு நோயே இல்லன்னுது. நகை இருந்தாத்தான் நோய் இருக்குதுன்னு ஒத்துக்கும் போலருக்குது. இது டுபாக்கூர் மெஷின் சார்!"

டாக்டர் உமாபதி கோபப்படவில்லை. புன்னகை செய்தார். நதியாவுக்கு அதைவிட அவர் கையிலிருந்த பேப்பர் வெயிட்டால் அடித்திருக்கலாம் என்று தோன்றியது.

"உடம்புல இருக்கற நோய், போட்டிருக்கற நகைக்கு எறங்கும். அத மெஷின் புடிக்குது. நுட்பம்மா இதெல்லாம். மூணு வருஷம் டெஸ்ட் ட்யூப் கழுவினா புரியாது. உனக்கு சர்ட்டிபிகேட் வேணுமா, வேணாமா?"

வேணும். அதுதான் பிரச்சினை. உண்மை என்பது கையில் ஏற்கனவே வேலை இருக்கிறவர்கள் பேசுகிற விஷயம். நதியா ஆர்னிகா உருண்டைகளைப் பொறுக்கினாள். ஒவ்வொன்றாகப் பொறுக்கப் பொறுக்க, அவள் மண்டையில் ஒரு திட்டம் உருண்டு திரண்டது. இந்தப் பெட்டி நகையைத்தான் படிக்கும் என்றால், எந்த நகையைப் படிக்கவேண்டும் என்பதை நதியா முடிவு செய்வாள்.

கவுன்சிலர் ராமலிங்கத்துக்கு என்ன நோய் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வார்டுக்கே தெரியும். மைக்கைக் கையில் கொடுத்தால் அவருக்கு வயிறு கலக்கும். தண்ணீர்த் தொட்டித் திறப்பு விழாவில் "அன்பார்ந்த" என்று ஆரம்பித்தவர், மைக்கை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டார். ரேஷன் கடை விழாவிலும் "அன்பார்ந்த"தான். அந்தச் சொல்லைத் தாண்டி அவர் இன்றுவரை போனதில்லை. முதுகுக்குப் பின்னால் 'அன்பார்ந்த ராமலிங்கம்' என்றுதான் பெயர்.

டாக்டர் இப்போதெல்லாம் திறக்காத தடித்த புத்தகத்தை நதியா திறந்து பார்த்தாள். மேடை ஏறுமுன் வயிறு கலங்குகிறவர்களுக்கு: அர்ஜென்டம். வெள்ளி.

நதியாவிடம் வெள்ளி இருந்தது. பட்டம் வாங்கிய அன்று அப்பா வாங்கிக் கொடுத்த கொலுசு.

சனிக்கிழமை ராமலிங்கம் வந்தார். கூட இரண்டு பேர் வந்து வாசலில் செருப்புக்கு நடுவே நின்றுகொண்டார்கள். அவர் பத்து விரலில் எட்டில் மோதிரம். நாற்காலியில் உட்கார்ந்து, மீசையைத் தடவிக்கொண்டு, தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"டாக்டரு, எனக்கு இன்னா நோய்னு நான் வாயத் தொறக்க மாட்டேன். மெஷினு சொல்லட்டும். சொல்லிச்சின்னா, எல்லா முகாமுக்கும் உன் மெஷினுதான். சொல்லலன்னா, வாசல்ல மாட்டிக்கினு இருக்கறியே போர்டு, அத கழட்டிடு."

"சிம்ரனக் கூப்பிடு," என்றார் டாக்டர்.

"இன்னிக்கு நான் எர்த்து சார்," என்றாள் நதியா. கொலுசை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, சுடிதாரின் நீளக் கைக்குள் மறைத்திருந்தாள்.

கவுன்சிலரின் கையைப் பிடித்துச் சன்னல் மேல் வைத்தாள். கொலுசை நகர்த்துவதற்குள் அவரே பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டார். பதவியில் இருப்பவர்களுக்குப் பொத்தானைக் கண்டால் கை நிற்காது.

பீப். ஏ.யூ.

"ஆரம்," என்று டாக்டர் குரலைத் தழைத்தார். "அண்ணே, உங்களுக்கு வாழ்க்கையே வெறுத்துப்போச்சு. செத்துடலாம்னு..."

"யோவ்! எலெக்‌ஷன் வருது, யாரு காதுலயாச்சும் வுழுந்துடப் போவுது!"

"மோதிரம் சார், மோதிரம் குறுக்க வருது!" என்று நதியா பாய்ந்தாள். "கழட்டிட்டு இன்னொரு வாட்டி பாப்போம்."

ஏழு மோதிரங்கள் நல்லபடியாகக் கழன்றன. எட்டாவது, கவுன்சிலர் ஒல்லியாக இருந்த காலத்தில் போட்டது. சோப்பு போட்டார்கள். வரவில்லை. தேங்காய் எண்ணெய் தடவினார்கள். டாக்டர் ஒரு காலை மேசைக் காலில் உதைத்துக்கொண்டு இழுத்தார். "வெரலு! வெரலு!" என்று ராமலிங்கம் அலறினார். வாசலில் நின்ற இரண்டு பேரும், தலைவருக்கு ஆபரேஷன் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே ஓடிவந்து டாக்டரின் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். அதுதான் உதவியாகப் போனது. மோதிரம் பட்டென்று கழன்று பறக்க, டாக்டரும் அந்த இருவரும் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தார்கள். மோதிரம் அலமாரிக்கு அடியில் போயிற்று. இருவரும் அதைத் தேடி வயிற்றால் ஊர்ந்தார்கள்.

இந்த அமளியில் கவுன்சிலர் தானாகவே வெறுங்கையை வைத்துப் பொத்தானை அமுக்கினார்.

பீப்.

"நோ சாம்பிள். இன்னாய்யா சொல்லுது?" என்றார்.

டாக்டருக்குத் தரையிலிருந்து எழுந்திருக்க அவகாசம் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னார்.

"அது... மாதிரி இல்லன்னு சொல்லுதுண்ணே."

"இன்னா மாதிரி இல்ல?"

"ஒரு... ஆளு மாதிரி..."

"நான் ஆளு மாதிரி இல்லியா?" ராமலிங்கம் எழுந்துவிட்டார். "வார்டுல நாலாயிரம் ஓட்டு வாங்கினவன்யா! அந்தப் போர்ட கழட்டுங்கடா!"

திங்கட்கிழமை ஒரகடம் பஸ் தன்னை விட்டுவிட்டுப் போவதை நதியா கண்ணெதிரே பார்த்தாள். கவுன்சிலரின் எண்ணெய்க் கையை இரண்டு கையாலும் எட்டிப் பிடித்தாள். வழுக்கிற்று. விடவில்லை.

"ஒரே ஒரு வாட்டி சார். மெஷினு இப்பத்தான் உங்கள எடை போட்டுக்கினு இருக்குது. பெரிய ஆளுங்கன்னா நேரமெடுக்கும்."

பெரிய ஆள் உட்கார்ந்தார். நதியா மணிக்கட்டைத் திருப்பினாள். கொலுசு கண்ணாடியில் உரசியது. அவளே பொத்தானை அமுக்கினாள்.

பீப்.

"ஏ.ஜி.!" என்று தரையிலிருந்து எட்டிப் பார்த்த டாக்டர் குதித்து எழுந்தார். "அர்ஜென்டம்! அண்ணே, உங்களுக்கு மேடை ஏறினா வயிறு கலக்கும்!"

அலமாரிக்கு அடியில் ஊர்ந்தவர்கள்கூட ஊர்வதை நிறுத்தினார்கள். ராமலிங்கத்தின் மீசை துடித்தது. நதியா கொலுசைச் சுடிதார் கைக்குள் தள்ளிக்கொண்டாள். அடிப்பாரோ? அவர் கண்ணில் தண்ணீர் திரண்டது.

"கட்டின பொண்டாட்டிகிட்ட கூட நான் சொன்னதில்ல," என்றார் தழுதழுத்து. "இந்தப் பொட்டி கண்டுபுடிச்சிடுச்சே! தெய்வம்யா இது! தெய்வம்!"

"ஏ.ஜி. ஐம்பத்திரெண்டு, சி.யூ. நாப்பத்தெட்டு," என்று டாக்டர் பக்தியோடு வாசித்தார்.

"அடப்பாவி!" என்றாள் நதியா.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார். இருமல்."

பாதிக்குப் பாதி செம்பு. சுத்த வெள்ளி என்று சத்தியம் செய்து கொடுத்த கடைக்காரனின் முகம் அவள் கண்முன்னால் வந்து பல்லைக் காட்டியது. அப்பா அவனுக்கு எத்தனை தடவை கும்பிடு போட்டார்! அவன் குரல்வளையைப் பிடிக்கவேண்டும்போல இருந்தது. ஆனால் அவனைத் திட்டினால் கொலுசைச் சொல்லவேண்டும், கொலுசைச் சொன்னால் சான்றிதழ் போகும். டுபாக்கூர் மெஷின் சொல்வதை எதற்கு நம்பவேண்டும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

மோதிரம் கிடைத்தது. கவுன்சிலர் உருண்டைகளை அங்கேயே வாயில் போட்டுக்கொண்டு, "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே!" என்று நாற்காலியைப் பார்த்து ஒரு முழு வரி பேசினார். எங்கும் ஓடவில்லை. கூட வந்த இரண்டு பேரும் கைதட்டினார்கள். ஒருவர் அழுதேவிட்டார். அடுத்த முகாமுக்குத் தேதி குறித்துவிட்டுப் போனார்கள்.

டாக்டர் உமாபதி லெட்டர் பேடை எடுத்தார். சொன்ன சொல் தவறாத மனிதர், அதில் குறை சொல்லமுடியாது. வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார்.

"செல்வி நதியா, பி.எஸ்ஸி., எமது மருத்துவமனையில், நோயைக் கண்டறிந்து ஹோமியோபதி மருந்தைத் தேர்ந்தெடுக்கும் அதிநவீன ஜெர்மன் கருவியைப் பிழையின்றி இயக்கியவர். போதுமா?"

"பிழையின்றிக்கு அடியில கோடு போடுங்க சார்."

கோடு போட்டார். கையெழுத்துப் போட்டார். முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார்.

"இப்ப சொல்லு. டுபாக்கூர் மெஷினா?"

நதியா தாளை வாங்கி, மை காயட்டும் என்று மின்விசிறிக்குக் கீழே பிடித்தாள். கையில் வந்த பிறகு வாய்க்கு என்ன தடை?

"சார், சத்தியமா சொல்றேன். நோயப் பத்தி ஒரு எழவும் தெரியாத மெஷின் இது."

"உனக்குப் பொறாமை," என்றார் டாக்டர்.

அப்போது வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. பின்னால் ஒரு அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. வேர்த்து வழிந்துகொண்டு ஒரு நடுவயதுக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பெயர் கலியன் என்றார்.

"உக்காருங்க கலியன். எதுவும் சொல்லவேணாம். கைய இதுமேல வைங்க, உங்களுக்கு என்னன்னு அது சொல்லிடும்," என்றார் டாக்டர், மெஷினைக் காட்டி.

கலியன் மெஷினைப் பார்த்தார். காணாமல் போன பிள்ளையைக் கண்டதுபோல அதை இரண்டு கையாலும் வாரி எடுத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க, ஜரிகையில தங்கம், வெள்ளி, செம்பு எவ்ளோன்னு பாக்கற எங்க மெஷினு கூரியர்ல மாறி இங்க வந்துடுச்சு, உங்க மெஷினு எங்ககிட்ட வந்துடுச்சு, இந்தாங்க மொதல்ல இத புடிங்க, ஒரு வாரமா எங்க சென்டர்ல முகூர்த்தப் பட்டுக்கெல்லாம் மூல வியாதின்னு சர்ட்டிபிகேட் குடுத்துக்கினு இருக்கறோம்!"